சுண்ணாம்புக் கம்பத்து ரோசா

என் மகனுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. நீயும் இராசம்மாவும் சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்பது வாசிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மனம் நிறைந்திருந்தால் உன் வரிகள் நேராக நிற்காது, வலப்பக்கம் மேலே ஏறிக்கொண்டே போகும். இந்தக் கடிதத்தின் கடைசி வரி தாளின் மூலைக்கே போய்விட்டது. உன் கலியாணத்துக்கு வர முடியாமல் செய்த இந்த முழங்காலை நான் திட்டாத நாள் இல்லை. கப்பலின் ஏணியில் ஏறவே கூடாது என்று வைத்தியர் சொன்னபோது அவரையும் சேர்த்துத்தான் திட்டினேன். உன் சின்னம்மா எனக்குப் பதிலாக முன்னின்று எல்லாம் செய்தாள் என்று எழுதியிருக்கிறாய். அவள் செய்வாள். செய்ததை இன்னும் பத்து வருடத்துக்குச் சொல்லிக்காட்டவும் செய்வாள். இரண்டையும் நீ பொறுத்துக்கொள்.

கடிதத்தில் பாதிக்குமேல் ரோசாதான். இலங்கை மலைநாட்டில் உன் மாமனார் வீட்டு முற்றத்தில் சோற்றுக் கோப்பை அளவு பூக்கள், கறுப்போ என்று நினைக்க வைக்கும் சிவப்பு, காலையில் கதவைத் திறந்தால் குளிரோடு சேர்ந்து உள்ளே வரும் வாசம். நீ பூவைப் பற்றி இவ்வளவு எழுதுவாய் என்று நான் நினைக்கவே இல்லை. பிறகுதான் விஷயம் வந்தது. "சிங்கப்பூரிலை ரோசா வருமோ?" என்று அவள் கேட்டாளாம். "வருமோவா? இதைவிடப் பெரிசா வரும்" என்று நீ சொன்னாயாம். அதைக் கேட்டுத்தான் அவள் கப்பலேற மனம் வைத்தாளாம். தேயிலைத் தோட்டத்து வைத்தியசாலையில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரியாக இருக்கும் அவளுடைய ஐயா உனக்குத் தோட்டக் கந்தோரிலேயே கணக்கெழுதும் வேலை ஒன்று பார்த்து வைத்திருந்தாராம். அதையும் நீ வேண்டாம் என்றுவிட்டாயாம். லீவு முடிந்து வரும்போது மலைச் செடிகளைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவருவேன், அதற்குள் வேலியோரமாகக் குழி தோண்டி வையுங்கள் அம்மா என்று எழுதியிருக்கிறாய்.

மகன் சொன்னதும் நான் ஆளைக் கூப்பிட்டுக் குழி தோண்டினேன். தோண்டி முடித்து அவனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிய பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். தம்பி, அந்தச் செடி இங்கே வராது. நீ எத்தனை பெட்டி கொண்டுவந்தாலும் வராது. இதை நீ வந்திறங்கிய பிறகு சொல்வதில் பிரயோசனம் இல்லை என்பதால்தான் கண் வலியோடு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இராசம்மா கப்பலேறும் முன்பு இது அவளுக்குத் தெரிய வேண்டும்.

ஏன் வராது என்று கேட்பாய். வெயில் என்பாய். வெயில் ஒரு காரணமே இல்லை. யாழ்ப்பாணத்தில் என் தாய்வீட்டுக் கிணற்றடியில் பன்னீர் ரோசா நின்றது. அந்த வெயிலில் மாடே வெளியில் நிற்காது, அது பூத்துக் குலுங்கும். ஆனால் அந்த வெயில் காய்ந்த வெயில். இரவில் இலை உலர்ந்திருக்கும். இங்கே காலையில் வெயில், மத்தியானம் மழை, சாயந்தரம் ஆவி. இலை காய்வதற்கு நேரமே கிடையாது. கரும்புள்ளி விழுந்து, மஞ்சளாகி, ஒரு கிழமையில் செடி வெறும் முள்ளாக நிற்கும். போதாததற்கு உன் மாமனார் வீட்டு ரோசா வகைக்கு வருடத்தில் ஒரு தடவை குளிரில் நன்றாக உறங்கி எழும்ப வேண்டும். இந்த ஊரில் எதற்கு உறக்கம் கிடைக்கிறது? ஓயாமல் நெட்டையாகத் தளிர்விட்டுத் தளிர்விட்டே களைத்துப் போகும். இதெல்லாம் புத்தகத்தில் படித்ததில்லை. என் கண்முன்னே செத்த செடிகளிடம் படித்தது.

அந்தக் கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நான் கலியாணமாகி இங்கே வந்திறங்கியபோது உன் ஐயா துறையில் குதிரைவண்டி பிடித்து என்னைச் சிராங்கூன் சாலைக்குக் கூட்டிவந்தார். வழியெல்லாம் எருமைத் தொழுவம், சுண்ணாம்புக் காளவாய், சேறு. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வண்டி நம் வீட்டு வாசலில் நின்றது. பார்த்தால் வேலி நெடுக ரோசா. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, எல்லாம் மலர்ந்து நிற்கிறது. கலியாணம் பேசும்போது எனக்கு ரோசா பிடிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், மனிதர் அதைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த அன்பை எழுத்தில் எழுத மாட்டேன், நீ மகன்.

அதற்குப் பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. நான் வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் கோயிலுக்குப் போவேன். போகும்போது வாடி நின்ற செடி, திரும்பி வரும்போது பூத்து நிற்கும். முதலில் அம்மனின் அருள் என்றுதான் நினைத்தேன். பிறகு அம்மனுக்கு வேறு வேலை இல்லையா என்று தோன்றியது. ஒரு நாள் கேட்டேன், "இஞ்சாருங்கோ, போன வெள்ளி மஞ்சளாப் பூத்த செடி இந்த வெள்ளி எப்பிடிச் சிவப்பாப் பூக்குது?" அவர் கந்தோர்க் கோட்டைக் கழற்றாமலே செடியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "இந்த ஊர் மண் அப்பிடி. எல்லாத்தையும் மாத்திப் போடும்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டேன்.

இப்படியே மாதக்கணக்கில் போயிற்று. பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. வழக்கமான நேரத்துக்கு வேலிப் படலை திறந்தது. காவடியின் இரு பக்கமும் பூத்த செடிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு சீனத் தோட்டக்காரன் ஆ செங் உள்ளே வந்தான். என்னைக் கண்டதும் அப்படியே நின்றான். உள்ளே படுத்திருந்த உன் ஐயா போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டார். ஆ செங் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. செத்த செடியைக் காலால் தள்ளிவிட்டு, "பூங்ஙா மாத்தி, பெலி லாகி" என்று மலாயில் சொல்லிச் சிரித்தான். பூ செத்தால் மறுபடி வாங்கு என்பது அவன் வியாபாரம். அவனைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டது பூ, கொடுத்தது பூ.

அவன் போன பிறகு போர்வையை விலக்கி, ஏன் இந்த நாடகம் என்று கேட்டேன். "நீர் கோபிக்காதையும். பூ இல்லாட்டி நீர் திரும்பிப் போயிடுவீர் எண்டு எனக்குப் பயமாக் கிடந்தது" என்றார். அவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் மனத்தில் ஒன்று உறைத்தது, அது இன்றுவரை போகவில்லை. இந்த ஊரில் என்ன வரும் என்ன வராது என்பதை என்னிடம் சொல்லியிருந்தால் நான் திரும்பிப் போயிருக்க மாட்டேன். இருப்பதா போவதா என்று நானே முடிவு எடுத்திருப்பேன். அந்த முடிவை என் கையில் தராமல், பாவம், அவர் ஒவ்வொரு வெள்ளியும் பயந்துகொண்டே இருந்திருக்கிறார். நானும் பூவைப் பார்த்துச் சிரித்தேனே தவிர அவருடைய பயத்தைப் பார்க்கவில்லை. சேர்ந்து சிரித்திருக்க வேண்டிய மாதங்கள் அவை.

சரி, ரோசாவுக்கு வருகிறேன். காய்ச்சல் விட்டதும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கினோம். சேர்ந்து பிழைகளும் விட்டோம். நமக்குப் பசுஞ்சாணம் என்றால் எல்லாவற்றுக்கும் நல்லது என்ற எண்ணம் இருக்கிறதல்லவா, முற்றம் மெழுகுவதிலிருந்து பிள்ளையார் பிடிப்பதுவரை? பக்கத்திலேயே எருமைத் தொழுவம் வேறு. சூடு ஆறாத சாணத்தைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து வேரில் கொட்டினோம். அந்தச் சூட்டில் வேர் வெந்துபோயிற்று. சாணம் நன்றாக மக்கி, மண்போல உதிர்ந்து, நாற்றமே இல்லாமல் போன பிறகுதான் ரோசாவுக்கு ஆகும். அடுத்தது நிலம். இந்தப் பக்கத்தைச் சும்மாவா சுண்ணாம்புக் கம்பம் என்கிறார்கள்? எத்தனையோ வருடம் காளவாய்ச் சாம்பல் கொட்டிய நிலம். நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இலை மஞ்சளாக வெளுத்தால் அது சுண்ணாம்பின் வேலை. அதனால்தான் கேலாங் பக்கமிருந்து மாட்டுவண்டியில் செம்மண் கொண்டுவந்து பெரிய சட்டிகளில் வைத்தோம். இப்போது உனக்காகத் தோண்டிய குழிகளிலும் வெள்ளைக் கட்டிகள்தான் வந்தன. அதைப் பார்த்தபோதே எனக்குப் பழைய ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

மண் சரியானதும் எனக்கு என் தாய்வீட்டுப் பன்னீர் ரோசா வேண்டும் என்று பிடிவாதம். உன் ஐயா நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் ஒரு செடி தருவித்தார். நன்றாகத்தான் வளர்ந்தது. மொட்டும் விட்டது. அந்தப் பூவுக்கு இதழ் நெருக்கம். மழைத்தண்ணீர் உள்ளே புகுந்து, மொட்டு விரியாமல் பழுப்பாகி அப்படியே அழுகியது. நான் விடுவேனா? தேங்காய்ச் சிரட்டைகளை எடுத்து ஒவ்வொரு மொட்டுக்கும் மேலே ஒரு குச்சி நட்டுக் கவிழ்த்துவைத்தேன். எதிர்க்கடை மரைக்காயர் சாலையைக் கடந்து வந்து வேலியில் கையூன்றி நெடுநேரம் பார்த்தார். "என்னங்க அக்கா, எல்லாத்துக்கும் தொப்பி போட்டு வச்சிருக்கீங்க. தொழுகைக்கு அனுப்பப் போறீங்களா? நேரம் ஆயிடுச்சு, நானும் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். இன்றுவரை என்னைக் கண்டால் "தொப்பிக்காரங்க எப்படி இருக்காங்க?" என்றுதான் கேட்கிறார். சிரட்டைக்குள் வெயில் படாமல் மொட்டு வெளிறிப்போனதே தவிர விரியவில்லை.

அப்போது நீ நாலு வயதுப் பிள்ளை. நான் தினமும் மொட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது உனக்குப் பொறுக்கவில்லை. ஒரு காலை நான் பல் விளக்கிவிட்டு வந்தால், எல்லா மொட்டையும் நகத்தால் பிரித்து, இதழ்களை விரித்துவைத்து, "அம்மா, பூத்திட்டுது" என்று கூத்தாடிக்கொண்டு நிற்கிறாய். உன்னை அடிக்கவா அணைக்கவா என்று தெரியாமல் நின்றேன். அணைத்தேன். இப்போது உன் கடிதத்தைப் படித்தபோதும் அந்தப் பிள்ளைதான் எனக்குத் தெரிந்தான். அவளுடைய முகம் வாடிவிடக்கூடாது என்று ஒரு வார்த்தையால் பூக்க வைத்துவிட்டாய். உனக்கும் உன் ஐயாவுக்கும் பிரியப்பட்டவர்களிடம் இல்லை என்று சொல்லவே வராது.

இனி எது வரும் என்று சொல்கிறேன், கவனமாகக் கேள். பன்னீர் ரோசாவை விட்ட பிறகு நான் ஆ செங்கின் தோட்டத்துக்கே ரிக்‌ஷா பிடித்துப் போனேன். விற்க வைத்திருந்த வரிசைகளை நான் பார்க்கவில்லை. அவன் வீட்டுக் கிணற்றடியில், யாரும் கவனிக்காமல், துணி காயப்போட்ட கயிற்றின் கீழே ஒன்று நின்றது. சிறிய பூ, இளஞ்சிவப்பு, வெயில் ஏற ஏற நிறம் கூடும். இதழ் கொஞ்சம்தான், அதனால் மழைத்தண்ணீர் தங்காது. வாசம் இருக்கிறதா என்று கேட்டால், மூக்கை உள்ளே விட்டால் இருக்கிறது. அதைக் கொடு என்றேன். இது விற்கிற செடி இல்லை என்றான். அதனால்தான் கேட்கிறேன் என்றேன். அது சீன ரோசா. உன் ஐயா தன் கையாலேயே அதை நட்டார். வாசல் படியருகே இன்றைக்கும் நிற்பது அதுதான். அவர் போன பிறகும் ஒரு மாதம்கூட அது பூக்காமல் இருந்ததில்லை. ஆகவே எந்த ஊரில் குடியிருந்தாலும் சரி, செடி விற்கிறவன் தன் வீட்டில் எதை வைத்திருக்கிறான் என்று பார்த்து வாங்கு.

இரண்டாவது, தேயிலை ரோசா என்று ஒன்று இருக்கிறது. புதுத் தேயிலைத் தகரத்தைத் திறந்தால் வரும் வாசம். இராசம்மாவுக்கு அது பிறந்த வீட்டு வாசமாக இருக்கும். வெண்மஞ்சளும் ரோசும் கலந்த நிறம். காம்பு மெலிவு, பூ தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும். பார்க்கிறவர்கள் செடிக்குப் பலம் இல்லை என்பார்கள். கவிழ்ந்து நிற்பதால்தான் மழை அதை ஒன்றும் செய்வதில்லை. அதை ஆழமாக வெட்டாதே, காய்ந்ததை மட்டும் எடு. இவற்றில் எதை வாங்கினாலும் வேறு வேரில் ஒட்டுக் கட்டியதை வாங்காமல் தடி ஊன்றிச் சொந்த வேரில் எழும்பியதைக் கேள். மலையில் ஒட்டியது என்றால் அடியில் இருப்பது குளிருக்குப் பழகிய வேர். மேலே பூ எதுவானாலும் இங்கே முதலில் சாவது அந்த வேர்தான். காற்றுப் போகும்படி தள்ளித்தள்ளி வை. காலையில் மட்டும், வேரில் மட்டும் தண்ணீர் ஊற்று. இவ்வளவும் செய்தால் வருடம் முழுக்கப் பூ உண்டு. ஆனால் சோற்றுக் கோப்பை அளவு பூ இல்லை. கறுஞ்சிவப்பு இல்லை. கதவைத் திறந்தால் குளிரோடு வரும் வாசம் இல்லை. கதவைத் திறந்தால் எருமைச் சத்தமும் மரைக்காயர் கடைக் கருவாட்டு வாசமும்தான்.

இதைத்தான் நீ இராசம்மாவிடம் அப்படியே சொல்ல வேண்டும். பெண்ணை நாற்றென்றும் கொடியென்றும் சொல்லி, பிடுங்கி நட்ட இடத்தில் வேர்விடுவாள் என்று கலியாண வீட்டில் யாராவது வாழ்த்துப் படித்திருப்பார்கள். கேட்டுக்கொள், நம்பாதே. செடிக்கு வாய் இல்லை, நாம்தான் ஊகித்துக்கொண்டு அலைய வேண்டும். அவளுக்கு வாய் இருக்கிறது, கேட்டால் பதில் சொல்லுவாள். அங்கே நெஞ்சு இறுகும் புழுக்கம் உண்டு, மலை இல்லை, உன் வீட்டு ரோசா அங்கே வராது, நான் தெரியாமல் சொல்லிவிட்டேன், இதைத் தெரிந்துகொண்ட பிறகும் வருகிறாயா என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு. நீ நடுவில் ஏதாவது சேர்த்துவிடுவாய் என்பதுதான் என் பயம். அவள் யோசிக்க ஒரு நாள் கேட்டால் ஒரு நாள் கொடு.

அவள் வரவில்லை என்றால், உன் மாமனார் பார்த்து வைத்த வேலையை ஏற்றுக்கொள். பெண் வீட்டில் இருப்பது நம்மவர்களுக்கு ஒன்றும் குறைவான காரியம் இல்லை, எங்கள் ஊரில் பாதி மாப்பிள்ளைகள் அப்படித்தான் இருக்கிறார்கள். அம்மா தனியாக இருப்பாளே என்று அவளிடம் சொல்லாதே. அதைச் சொன்னால் நான் உன்னோடு பேச மாட்டேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், தம்பி. அதை மறைக்கப் போவதில்லை. ஒவ்வொரு கப்பல் ஊதும்போதும் வாசலுக்கு வருகிறேன், அது எந்த ஊர்க் கப்பல் என்றுகூடத் தெரியாமல். இந்தக் கடிதத்தை எழுதாமல் விட்டால் நீ நிச்சயம் வந்துவிடுவாய் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு நாள் எழுதாமல்தான் இருந்தேன். மூன்றாம் நாள், ஆ செங்கைப் போல நானும் பூத்த செடியைக் காட்டி இராசம்மாவை வரவழைக்கிறேனே என்று பட்டது. அதற்குமேல் பொறுக்கவில்லை, பேனாவை எடுத்துவிட்டேன்.

குழிகளை நான் இன்னும் மூடவில்லை. நேற்றைய மழையில் தண்ணீர் நிறைந்து, தவளைகள் குடிவந்துவிட்டன. அவள் வருகிறாள் என்று நீ எழுதினால் அவற்றை மண் போட்டு நிரப்பிவிட்டு, சட்டிகள் வாங்கி வைப்பேன். எந்தச் செடி வேண்டும் என்று அவளே ஆ செங்கின் தோட்டத்தில் பார்த்து எடுக்கட்டும். நான் ஒன்றும் வாங்கி வைக்க மாட்டேன். பூத்தது எதையும் வாசலில் நிறுத்தவும் மாட்டேன். அவள் வரவில்லை என்றாலும் குழிகளை நிரப்பத்தான் வேண்டும், நான் கால் தவறி விழுந்தால் சின்னம்மாவுக்குப் பேச இன்னொரு விஷயம் கிடைத்துவிடும்.

உன் கலியாணம் நிச்சயமானபோதே ஐயாவின் செடியில் நல்ல தடி ஒன்றை வெட்டி, சின்னச் சட்டியில் ஊன்றி வைத்திருக்கிறேன். இரண்டு துளிர் விட்டிருக்கிறது. நீங்கள் வந்தால் அதை இராசம்மாவின் அறை ஜன்னலடியில் வைப்பேன். வராவிட்டால் கொழும்புக்குப் போகும் யாரிடமாவது கொடுத்தனுப்புவேன், அங்கே உங்கள் வாசலில் நட்டுக்கொள்ளுங்கள். குளிரில் அது வருமா என்று போன கிழமையே ஆ செங்கிடம் போய் விசாரித்துவிட்டேன். வருமாம்.

என்றும் உன்,
அம்மா